வளிமண்டலத்தைக் கடத்தல்: தமிழகத் தொலைநோக்கி வரலாற்றில் தரையும் விண்வெளியும் (1792–2024)

ஆய்வுச் சுருக்கம்

விண்வெளித் தொலைநோக்கிகள் தரைத் தொலைநோக்கிகளினும் எவ்வகையில் மேம்பட்டவை என்பது பெரும்பாலும் இயற்பியல் வினாவாகவே கையாளப்படுகிறது. சென்னை, கொடைக்கானல், காவலூர் ஆய்வகங்களையும் ஆஸ்ட்ரோசாட், ஆதித்யா-எல்1 ஆகிய விண்கலங்களையும் ஒருசேர நோக்கி, இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாக அணுகுகிறது. வளிமண்டலத்தின் தடை ஒன்றன்று, மூன்று என்பதும், விண்வெளி அவற்றை நீக்கிய பின்னரும் தரை ஆய்வகங்களின் தொடர்பதிவுக்கு ஈடு இல்லை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சென்னை வானாய்வகம், கொடைக்கானல், காவலூர், ஆஸ்ட்ரோசாட், ஆதித்யா-எல்1, ஒளித்தட்டுகள்

1. முன்னுரை

1946ஆம் ஆண்டு அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிட்சர், புவிக்கு வெளியே அமையும் வானாய்வகத்தின் நன்மைகளைக் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். செயற்கைக்கோள் எதுவும் ஏவப்படாத காலம் அது. வளிமண்டலம் தடுத்துவிடும் கதிர்களைப் பெறலாம், காற்றின் கலக்கமின்றித் தெளிவான உருக்களைக் காணலாம் என்பவை அவர் கருத்தின் சாரம். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி அக்கருத்தின் நிறைவேற்றமாகக் கருதப்படுகிறது. எனினும் ஸ்பிட்சர் கோட்பாடாக வகுத்த இடர்களைத் தமிழகத்து வானாய்வகங்கள் அவருக்கு நெடுங்காலம் முன்பே நடைமுறையில் எதிர்கொண்டன. அவை இடம்பெயர்ந்த வரலாறே இதற்குச் சான்று.

2. கடற்கரையிலிருந்து மலைக்கு

1786இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் அமைத்த தனியார் ஆய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. அங்கிருந்து தாமஸ் கிளான்வில் டெய்லர் பதினோராயிரம் விண்மீன்களின் நிலைகளை அட்டவணைப்படுத்தி 1844இல் வெளியிட்டார். நார்மன் போக்சன் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு 'ஆசியா' எனப் பெயரிட்டார். அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார்.

விண்மீன்களின் நிலையை அளப்பதற்குச் சென்னை போதுமானதாக இருந்தது. வானியலின் நாட்டம் விண்பொருள்களின் இயல்பை அறிவதை நோக்கித் திரும்பியபோது, கடல்மட்டத்தின் ஈரக்காற்றும் பருவமழை மேகங்களும் பெருந்தடையாயின. 1880களில் போக்சன் மலையுச்சியில் ஓர் ஆய்வகம் வேண்டினார். பழனிமலையும் நீலகிரியும் ஆராயப்பட்டன.

இந்த இடமாற்றத்திற்கு வானியல் மட்டும் காரணமன்று. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சூரியப் புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டு என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. அதனால் பஞ்ச ஆணையம் சூரியனைத் தொடர்ந்து நோக்கப் பரிந்துரைத்தது. மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் 1899இல் ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. எதிர்பார்த்த மழைக் கணிப்பு கைகூடவில்லை. ஆனால் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையின் வழி அங்கேதான் கண்டறிந்தார்.

3. மூன்று தடைகள்

முதல் தடை காற்றின் கலக்கம். 1986இல் காவலூரில் செயற்பாட்டுக்கு வந்த வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். அளவில் இரண்டும் ஏறத்தாழ இணை. கட்புல ஒளியில் இத்தகைய ஆடி கோட்பாட்டளவில் 0.05 விகலை வரை பிரித்தறிய வல்லது (விகலை என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு). ஆனால் நல்ல மலையுச்சிகளிலும் காற்றின் கலக்கம் உருவை ஏறத்தாழ ஒரு விகலை அளவுக்குப் பரப்பிவிடுகிறது. ஆக, இவ்விரு கருவிகளின் திறன் வேறுபாட்டிற்கு அவை அமைந்த இடமே முதன்மைக் காரணம்.

இரண்டாவது தடை உட்கவர்தல். ஓசோன் படலம் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. எக்ஸ் கதிர்கள் எந்த மலையுச்சியையும் எட்டுவதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை 1999இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர் ஆய்வகம் தாங்குகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், 650 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புற ஊதா, எக்ஸ் கதிர் ஆகியவற்றை ஒரே வேளையில் நோக்க வழிசெய்தது. அதன் புற ஊதாத் தொலைநோக்கிகளின் விட்டம் 37.5 சென்டிமீட்டரே. காவலூர்க் கருவியின் ஆறில் ஒரு பங்கு அளவினும் குறைந்த அது, காவலூருக்கு என்றும் எட்டாத ஒளியைக் கண்டது.

மூன்றாவது தடை ஒளிச்சிதறல். சூரியனைச் சூழ்ந்த கரோனா, சூரிய வட்டினும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. பகல்வானின் சிதறிய ஒளியில் அது மறைந்துவிடுகிறது. ஆகவே முழுச் சூரிய கிரகணத்தின் சில நிமிடங்களை நாடி அறிஞர்கள் கண்டம் கடந்து வந்தனர். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்திற்குப் பியர் ஜான்சன் குண்டூருக்கு வந்தமை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய கரோனாவரைவி, சூரிய வட்டைச் செயற்கையாக மறைத்து அக்காத்திருப்பை நீக்கியுள்ளது. அதனைத் தாங்கிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரவும் கிரகணமும் குறுக்கிடாத சுற்றுப்பாதையை அடைந்தது.

4. தரையின் வலிமை

இவற்றைக் கொண்டு தரை ஆய்வகங்களின் காலம் முடிந்தது எனக் கருதுவது பொருந்தாது. பேராடிகளை நிறுவத் தரையே ஏற்றது: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர், சிலியில் கட்டப்பட்டுவரும் தரைத் தொலைநோக்கியின் ஆடி 39 மீட்டர். காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் ஈடுசெய்யும் நுட்பங்களும் வளர்ந்துள்ளன. விண்கருவி பழுதுற்றால் பெரும்பாலும் அவ்வளவே. விண்வெளி வீரர்கள் சென்று சீர்செய்த ஹபிள் ஒரு விதிவிலக்கு.

இவற்றினும் முதன்மையானது காலத் தொடர்ச்சி. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள் கொண்டது. சில ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்படும் விண்கலம் ஒரு சுழற்சியை முழுமையாகக் காண்பதே அரிது. கொடைக்கானல் ஒளித்தட்டுகளோ பத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பதிந்துள்ளன. எண்ணிமப்படுத்தப்பட்ட அவை, எடுத்தவர்கள் கருதியிராத வினாக்களுக்கு இன்று விடையளிக்கின்றன.

இதற்கு ஒப்பான நிகழ்வு தொல்லியலிலும் உண்டு. கொடைக்கானல் ஆய்வகம் நிறுவப்பட்ட அதே 1899இல் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் அகழாய்வைத் தொடங்கினார். அவர் திரட்டிய மண்டையோடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்து 1930இல் சாலி சுக்கர்மேன் வெளியிட்டார். பாதுகாக்கப்பட்ட சான்று, தன்னைத் திரட்டியவரின் வினாவோடு முடிந்துவிடுவதில்லை.

5. முடிவுரை

ஆதிச்சநல்லூர் அமைந்த தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரப்பட்டினத்தில் சிறு செயற்கைக்கோள்களுக்கான ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கே திறந்த கடல் இருப்பதால், இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லாமல் அங்கிருந்து ஏவ இயலும். கடற்கரையை விட்டு மலையேறிய தமிழக வானியல் வரலாறு மீண்டும் கடற்கரைக்கு வந்துள்ளது எனலாம்.

கலக்கம், உட்கவர்தல், சிதறல் ஆகிய மூன்றையும் கடப்பதே விண்வெளியின் மேம்பாடு. அது இடத்தால் வருவது. தரை ஆய்வகத்தின் மேம்பாடு காலத்தால் வருவது. தவறவிட்ட அலைநீளத்தை மற்றொரு விண்கலத்தால் நாளை நோக்கலாம். பதியத் தவறிய ஆண்டை மீட்க இயலாது. ஆதலின் ஒளித்தட்டுகளையும் நோக்கேடுகளையும் பேணுவது, புதிய தொலைநோக்கியை ஏவுவதற்கு நிகரான அறிவியற்பணியாகக் கொள்ளத்தக்கது.