தண்ணீர்மலை, கொடிமலை: நடுவில் ஒரு சேற்றுப் பாதை

 

பினாங்குல தைப்பூசம்னா எல்லாருக்கும் தண்ணீர்மலைதான். 513 படி ஏறி பாலதண்டாயுதபாணியைக் கும்பிட்டுட்டு, மேலே நின்னு ஜார்ஜ்டவுனையும் கடலையும் ஒரு பார்வை பார்த்துட்டு இறங்குவோம். ஆனா இந்த மலைக்கு ஏன் "தண்ணீர்மலை"ன்னு பேர், பக்கத்துல இருக்கிற பெரிய மலையை நம்ம பெரியவங்க ஏன் "கொடிமலை"ன்னு சொன்னாங்கன்னு யோசிச்சிருக்கோமா? இந்த ரெண்டு பேருக்குள்ளேயும் நம்ம கோயில் வரலாறு இருக்கு. ரெண்டு மலையையும் சேர்க்கிறது காட்டுக்குள்ள போற நடைபாதை. இந்தப் பதிவு அந்தப் பாதையைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதலில் தண்ணீர். பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கிய பிறகு, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. இன்று தாவரவியல் பூங்கா இருக்கும் பள்ளத்தாக்கில் விழும் அருவிதான் அதற்குக் கைகொடுத்தது. 1800களின் தொடக்கத்திலேயே அந்தத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரச் செங்கல் கால்வாய் கட்டினார்கள். அருவி இருந்த மலை என்பதால் நம் மக்கள் வாயில் அது தண்ணீர்மலை ஆனது.

அந்த அருவி ஓரத்தில்தான் ஒரு சாது சின்னதாக முருகனை வைத்து வழிபடத் தொடங்கினார் என்று கோயில் வரலாறு சொல்கிறது. கோபுரமும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது. ஓடை, பாறை, மரம், ஒரு சிறு சன்னிதி, அவ்வளவுதான். பிறகு 1890களில் அருவித் தண்ணீரைத் தேக்கி ஊருக்கு விநியோகிக்க அரசாங்கம் திட்டம் போட்டபோது, கோயில் அங்கிருந்து இடம் மாற வேண்டி வந்தது. அப்படித்தான் முருகன் இப்போது இருக்கும் குன்றுக்கு வந்தார். இன்று நாம் பார்க்கும் பெரிய ஆலயத்துக்கு 2012 ஜூன் 29இல் கும்பாபிஷேகம் நடந்தது.

ஒண்ணு கவனிங்க. ஊர் குடிக்கிற தண்ணிக்காக நம்ம சாமி இடம் மாறியிருக்கார். இதைக் கடைசியில் மறுபடியும் சொல்றேன்.

இப்போ கொடிமலைக்கு வருவோம். மலாய்க்காரர்கள் புக்கிட் பெண்டேரா என்பதும் நாம் கொடிமலை என்பதும் ஒரே பொருள்தான். கடலில் கப்பல் வருவது மலை உச்சியிலிருந்து முதலில் தெரியும். அங்கே கம்பத்தில் கொடி ஏற்றினால், கப்பல் வருகிறது என்று கீழே ஊருக்குத் தெரிந்துவிடும். தொலைபேசி இல்லாத காலத்துத் தகவல் தொடர்பு அது.

இந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரர்கள், குளிர்ந்த காற்றுக்காக மேலே பங்களா கட்டினார்கள். லைட் 1788இலேயே ஸ்ட்ராபெரி பயிரிட மேலே ஒரு பாதை வெட்டச் சொன்னார் என்பார்கள். வெட்டச் சொன்னவர் பெயர் நமக்குத் தெரியும். வெட்டியவர்கள் யார்?

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கு நாடு கடத்திக் கொண்டுவந்தார்கள். 1790 வாக்கில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1873இல் கடைசிக் கைதிகளை அந்தமானுக்கு அனுப்பும் வரை நீடித்தது. சென்னை, வங்காளம், பம்பாய் என மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். தீவின் ரோடு, பாலம், கால்வாய் பலவற்றில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. மலைப் பாதைகளைத் திருத்திப் பராமரிக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மலையின் பழைய பாதைகளில் ஒன்றுக்கு மோனியோ என்று பெயர். அவர் நில அளவையாளராக இருந்த பிரெஞ்சுக்காரர். அளந்தவர் பெயர் பாதையில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

பாதை போட்டதோடு வேலை முடியவில்லை. மேலே போகிற துரைமார்கள் எல்லாரும் நடந்து போவார்களா? சிலர் மட்டக்குதிரையில் போனார்கள். மற்றவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாற்காலி, ரெண்டு பக்கமும் கழி, முன்னாலும் பின்னாலும் ஆட்கள். பெட்டி, படுக்கை, அரிசி, காய்கறி, எல்லாமே மனிதத் தோளில்தான் மேலே போனது. மழை பெய்தால் அந்தச் செம்மண் எப்படி வழுக்கும் என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் கையோடு ஏறவே மரவேரைப் பிடிக்க வேண்டியிருக்கும். தோளில் கழியோடு, ஒரு கையும் ஓயாமல், நாற்காலி சாயாமல் ஏறியிருக்கிறார்கள்.

அப்படி டோலி தூக்கியவர்களும், காவலுக்கு இருந்த சிப்பாய்களும் உச்சியில் ஒரு சின்ன இடத்தில் முருகனை வைத்துக் கும்பிட்டார்கள். அதுதான் இன்று கொடிமலை உச்சியில் இருக்கும் ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயத்தின் தொடக்கம். பக்கத்திலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே வேலைக்கு வந்த எல்லாரும் அவரவர் தெய்வத்தை நினைக்க ஓர் இடம் தேடியிருக்கிறார்கள்.

1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு முறை ரயில் போட முயன்று தோற்றுப் போயிருந்தார்கள். இந்த ரயில் வந்ததும் டோலிக்கு வேலை இல்லாமல் போனது. தூக்கியவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் வைத்த முருகன் மட்டும் உச்சியிலேயே இருக்கிறார். இன்று ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் அவர் முன்னால் நிற்கலாம்.

ஆனா பழைய நடைபாதைகள் இன்னும் சாகலைங்க. நம்ம கோயிலைத் தாண்டி ஜாலான் கெபுன் பூங்காவில் தாவரவியல் பூங்கா பக்கம் போனால், ரோட்டோரத்தில் வட்ட வடிவில் ஒரு வாசல் இருக்கும். மூன் கேட்டுன்னு சொல்வாங்க. அங்கே தொடங்கும் பாதை காட்டுக்குள் ஏறி, முகட்டைப் பிடித்து, பல கிளையாகப் பிரிந்து மேலே போகிறது. பூங்காவிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தார் போட்ட ஜீப் பாதையும் உண்டு. அதில் மலையேறிகள் "84" என்று சொல்லும் இடத்தில் தன்னார்வலர்கள் போகிறவர் வருகிறவருக்குத் தேநீர் வைத்திருப்பார்கள். யார் என்ன சமயம்னு யாரும் கேட்கறதில்ல. அன்னதானத்தில் நாம் செய்வதையேதான் அவர்களும் செய்கிறார்கள்.

இந்தப் பாதைகள் நம் ஆட்கள் மட்டும் உண்டாக்கியவை என்று நான் சொல்ல வரவில்லை. சரிவில் காய்கறி போட்ட சீன விவசாயிகளும் மலாய்க்காரர்களும் நடந்து நடந்துதான் பல தடங்கள் உருவாயின. ஆனால் நம் பங்கை நாமே மறந்துவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? கோயில் வரலாறு என்றால் திருப்பணிக் குழு, நன்கொடை, கும்பாபிஷேகத் தேதி என்றே எழுதிப் பழகிவிட்டோம். அதுவும் வேண்டும்தான். அதற்கு முந்தைய பக்கத்தில், கல்வெட்டில் இடம்பெறாத கைதிகளும் டோலிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று நினைவுச்சின்னம் ஒன்றும் இல்லை. கைக்கு எட்டும் அடையாளமாக மிஞ்சியிருப்பது அந்தப் பாதைகள்தான்.

அதனால மூணு வேண்டுகோள்.

ஒன்று: முடிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முறையாவது நடந்து போங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பிடிப்புள்ள காலணி போடுங்கள், தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அட்டை கடிக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் பெருமழைக்குப் பிறகு போகவே போகாதீர்கள். 2017 நவம்பர் புயல் மழையில் இந்த மலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று பினாங்குக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாதையை மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு: ஓடையில் பூமாலை, துணி, பிளாஸ்டிக், பால் பாக்கெட் எதையும் போடாதீர்கள். கிழிந்த சாமி படத்தை மரத்தடியில் வைக்காதீர்கள். அந்தத் தண்ணீருக்காகத்தான் அருவி ஓரத்திலிருந்த நம் முருகன் இடம்விட்டார். அவர் விட்டுக்கொடுத்த தண்ணீரை அவர் பெயராலேயே நாம் அழுக்காக்கலாமா? 2021இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பெருமையில் நமக்கும் பொறுப்பு இருக்கு.

மூன்று: தாத்தா, கொள்ளுத்தாத்தா மலையில் வேலை செய்தார், டோலி தூக்கினார், பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார் என்று உங்கள் வீட்டில் யாராவது பேசியிருந்தால், அந்தக் கதையை எழுதி வையுங்கள். பெயர், ஊர், தெரிந்த வரைக்கும் போதும். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது. கோயிலுக்கு வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்தால்தான் உண்டு.

அடுத்த முறை மலை ரயிலில் உச்சிக்குப் போனால் திருமுருகன் சன்னிதியில் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்த பக்தர்கள், தோள்ல இன்னொருத்தர் பாரத்தைச் சுமந்துக்கிட்டு வந்தவங்க. அவங்களுக்காகவும் ஒரு விளக்கு ஏத்துங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!