அரக்குத் தட்டும் வீட்டுப் பாட்டும்

“இது எங்கள் குடும்பத்துப் பாட்டு” என்று வீட்டு மூத்தோர் கூறும்பொழுது, அஃது எத்தனை தலைமுறைப் பழமை உடையது என்று நாம் கேட்பதில்லை. ஊரைவிட்டு வந்தபோது பெட்டியில் இடம்பெறாத பொருள்கள் பல அங்கேயே நின்றுவிட்டன. நாவில் இருந்த பாட்டு மட்டும் உடன் வந்தது. நலங்குப் பாட்டு, ஊஞ்சற் பாட்டு, காவடிச் சிந்து, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என அது பல வகைப்படும். இவற்றின் வரலாற்றைத் தேடப் புகுவார்க்கு நல்ல சான்றாக நிற்பது பழைய கிராமபோன் இசைத்தட்டு.

1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். பதிந்தவை ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டாகித் திரும்பின. பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரைத் தாமே கூறும் வழக்கம் அன்று இருந்தது. மொழியறியாத தொழிலாளர் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டாதிருக்க அது துணைசெய்தது. அப்பத்தாண்டிலேயே சேலம் கோதாவரி போன்றோரின் குரல்களும் தட்டில் ஏறின. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தோன்றியது. அதன்பின் சென்னையில் பாடிய பாட்டு வங்கத்தில் தட்டாகித் தமிழர் இல்லம் புகுந்தது. நம்மில் பலர்க்கு முன்னரே நம் பாட்டு புலம்பெயர்ந்து திரும்பியிருக்கிறது!

இத்தட்டுகளைக் கேட்டால் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, நாம் பழமையெனப் போற்றும் பாட்டுகளுள் சில, தட்டின் வழியே வீட்டுக்குள் வந்தவை. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடல்களும், எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் மேடையில் முழங்கிய பாடல்களும் அவ்வாறு பரவின. தொடக்க காலத்தில் தட்டில் பாடிய பெண்டிருள் பெரும்பாலோர் தேவதாசி மரபினரும் நாடக மேடையினருமே. அவர்களைத் தம் கூடத்தில் அமர்த்திப் பாடக் கேட்க ஒருப்படாத குடும்பங்களும் அவர்கள் குரலைக் கூடத்தில் ஒலிக்கவிட்டன. அடுக்களையில் இருந்த பெண்கள் கேட்டுக் கற்றனர்; மகளுக்கும் பேத்திக்கும் கற்பித்தனர். நாளடைவில் பாட்டு நின்றது. பாடியவர் பெயர் மறைந்தது. குடும்பப் பாட்டென்று நாம் பெருமை கொள்ளுமிடத்து, அப்பெயரையும் நன்றியோடு சேர்த்துச் சொல்லுதல் நம் கடமையன்றோ?

இரண்டாவது, தட்டு முழுமையுடையதன்று. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். 1920-களின் நடுவில் மின்வழிப் பதிவு வருமுன், பாடுவோர் ஊதுகுழலின் வாயில் உரக்கப் பாட வேண்டியிருந்தது. ஆகவே நீண்ட பாட்டின் சரணங்கள் குறைந்தன. மென்குரலில் பாடும் தாலாட்டு அக்குழலுக்கு ஒவ்வாதாயிற்று. விடுபட்டவற்றைக் காத்தது வீடே. வீணை தனம்மாள் 1932-இல் அளித்த தட்டுகள் மிகச் சில. அவருடைய பாடற்செல்வத்தின் பெரும்பகுதி, பேத்தியரான பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரின் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்தது. பேரிசைக் குடும்பத்துக்கே இந்நிலை என்றால், நம் போன்றோர் வீட்டுப் பாட்டுக்குக் காவல் யாது?

ஆதலின், தேடுவோர் முதலில் மூத்தோரிடம் செல்க. அவர்கள் பாடும் எல்லாச் சரணங்களையும் ஒலிப்பதிவு செய்து, சொல் மாற்றாது எழுதிக்கொள்க. யாரிடம், எவ்வூரில் கற்றனர் என்பதையும் குறித்தல் வேண்டும். பின்னர்த் தட்டை நாடுக. பெயர்ச்சீட்டைச் சூழ்ந்த வெற்றிடத்தில் பொறித்த எண்ணைக் கம்பெனிப் பட்டியல்களோடு ஒப்பிட்டால், பதிந்த காலத்தை உய்த்துணரலாம். அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் துணைநிற்கும்.

தட்டும் வீடும் வேறுபடுமிடத்து ஒன்றைப் பிழையென ஒதுக்குதல் வேண்டா; இரண்டையும் அருகருகே எழுதுவோம். தட்டு உடைந்தாலும் அதன் படி வேறொரு வீட்டில் கிடைக்கலாம். பாட்டியின் நாவிலுள்ள நான்காம் சரணத்துக்கு வேறு படி இல்லை. அதனைக் கேட்க வேண்டிய நாள் இன்றே.