குடித்தது முன்னே, செரித்தது பின்னே

போலந்தின் குயாவியா வட்டாரத்தில் தோண்டியபோது 7,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகள் கிடைத்தன. உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளைகள். தண்ணீர் தங்காத பாத்திரத்தை யார் வனைவார்கள்? திரிந்த பாலை வடிகட்டிச் சீஸ் செய்யத்தான் என்று தொல்லியலாளர் பீட்டர் போகுக்கி 1980-களிலேயே வாதிட்டார். 2012-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் ஓடுகளைச் சோதித்தபோது, களிமண்ணுக்குள் பால்கொழுப்பு ஊறிக்கிடந்தது.

ஆனால் அன்றைய ஐரோப்பாவில் பெரியவர்களில் அநேகமாக எவருக்கும் பால் ஒத்துக்கொண்டிருக்காது.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடலில் உடைப்பது லாக்டேஸ் நொதி. பால்குடி மறந்தபின் அதன் சுரப்பு குறைந்துவிடும். பாலூட்டிகளின் பொது வழக்கம் அதுதான். உடையாத லாக்டோஸ் பெருங்குடலில் பாக்டீரியாக்களிடம் சிக்கினால் வயிற்றுப் பொருமல், பேதி. சீஸ் செய்யும்போது வடியும் நீரோடு லாக்டோஸின் பெரும்பகுதி போய்விடும். உடம்பு செய்யாததைக் கை செய்துகொண்டது.

பெரியவர்களிடமும் சுரப்பைத் தொடரவைக்கும் ஒற்றை எழுத்து மரபணு மாற்றத்தை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பரவிய வேகம்தான் புதிர். கி.மு. 1200 வாக்கில் வட ஜெர்மனியின் டொலென்சே ஆற்றங்கரையில் பெரும் போர் நடந்தது. அங்கே மடிந்தவர்களின் எலும்புகளை ஆராய்ந்ததில், ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கே இந்த மாற்றம் இருந்தது. இன்று அதே பகுதியில் மிகப் பெரும்பாலோருக்கு உண்டு.

பால் சத்தானது, அதனால் குடித்தவர்கள் தழைத்தார்கள் என்ற எளிய விளக்கம் வெகுகாலம் செல்லுபடியானது. 2022-இல் 500-க்கும் மேற்பட்ட இடங்களின் பானைக் கொழுப்புகளைப் பழைய மரபணுக்களோடு ஒப்பிட்ட ஆய்வு அதை அசைத்தது. பால் பயன்பாடு கூடியதும் குறைந்ததும் மரபணுவின் பரவலோடு பொருந்தவில்லை. இன்றைய பிரிட்டனிலும் அந்த மாற்றம் இல்லாதவர்கள் ஏறக்குறைய அதே அளவு பால் குடிக்கிறார்கள். பெரிய கேடொன்றும் இல்லை. பஞ்சமும் கொள்ளைநோயும்தான் காரணமாகலாம் என்கிறது அந்த ஆய்வு. தின்று கொழுத்தவனுக்குப் பேதி ஒருநாள் அவஸ்தை. விளைச்சல் பொய்த்து, புளிக்கவிடப் பொறுமையின்றிப் பச்சைப் பாலைக் குடித்த எலும்புந்தோலுமானவனுக்கு அது எமன். சத்தைவிடச் சாவே இங்கு தேர்வாளராக இருந்திருக்கும் என்ற இந்த விளக்கம்தான் நம்பும்படி இருக்கிறது.

கென்யா, தான்சானியா மேய்ச்சல்காரர்களிடம் லாக்டேஸ் சுரப்பைத் தொடரவைப்பது வேறொரு மாற்றம் என்று 2007-இல் தெரியவந்தது. சிந்துவெளியில் மாடு தனியாகப் பழக்கப்படுத்தப்பட்டதால், இந்தியாவிலும் சொந்தமாக ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்து 2,284 பேரின் மரபணு மாதிரிகளைச் சோதித்தார்கள். 2012-இல் வந்த முடிவு வேறு: இங்கே இருப்பதும் ஐரோப்பியர்களிடம் உள்ள அதே மாற்றம், அதே மூதாதையிடமிருந்து வந்தது. வடமேற்கிலிருந்து தென்கிழக்கே வர வர அது குறைகிறது. அக்கம்பக்கத்துச் சமூகங்களுக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வும் உண்டு.