ஒரே இடத்தில் ஒரு பிழை

என் நாவல் ஒன்றில், ஒருவரையொருவர் அறியாத இருவர் இரண்டு ஊர்களில் ஒரே பொய்யைச் சொல்வார்கள். "இப்படியும் நடக்குமா?" என்று ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதினார். அவருக்குப் பதில் தேடப் போய்த்தான் ரத்தத்தின் சரித்திரத்தில் அகப்பட்டுக்கொண்டேன்.

1904-ஆம் வருஷம், கரீபியன் கடலிலுள்ள கிரனேடா தீவிலிருந்து வால்டர் கிளெமென்ட் நோயெல் என்ற வாலிபர் பல் வைத்தியம் படிக்கச் சிகாகோ போனார். டிசம்பரிலேயே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அவர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல, கதிர் அரிவாள்போல் வளைந்து கிடந்தன. டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் இதைப் பிரசுரித்தார். நோயாளியின் பெயரைப் போடவில்லை.

வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். வலி எலும்புக்குள் புகுந்து உயிரை வாங்கும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் இந்தக் கொடுமை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை.

பிள்ளைகளைக் கொல்லும் கோளாறு தானே அழிந்து போயிருக்க வேண்டாமா? கென்யாவில் வளர்ந்த ஆன்டனி ஆலிசன் என்ற டாக்டர் அங்கே ஒன்றைக் கவனித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும், அதாவது மலேரியா உள்ள இடங்களில், இது மிகுதி. குளிர்ந்த மேட்டு நிலங்களில் குறைவு. ஒற்றைப் பங்கு பெற்றவர்களைக் கடும் மலேரியா அவ்வளவாக அண்டுவதில்லை என்று 1954-இல் எழுதினார். ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையைக் காவு கேட்கும் காவல் தெய்வம்! இதை எந்தக் கதைக்காரன் கற்பனை செய்வான்?

கோளாறு எவ்வளவு பெரிது தெரியுமா? ஹீமோகுளோபின் சங்கிலி ஒன்றில் 146 மணிகள். ஆறாவது மணி ஒன்றுதான் மாறியிருக்கிறது. பரம்பரை ஏட்டில் ஓர் எழுத்துப் பிழை.

1952-இல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இது இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்கா எங்கே, உதகை எங்கே! யாரிடமிருந்து யார் வாங்கியது? 1980-களில், பிழையின் அக்கம்பக்கத்து எழுத்துக்கள் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறாக இருப்பதைக் கண்டு, அது பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்றார்கள். 2018-இல் வந்த ஓர் ஆராய்ச்சியோ, ஆப்பிரிக்காவில் சுமார் 7,300 வருஷங்களுக்கு முன் ஒரே ஒரு குழந்தையிடம் தோன்றிப் பரவியது என்கிறது. வழக்குத் தீரவில்லை, என் மனம் என்னவோ அந்த ஒற்றைக் குழந்தையின் பக்கமே சாய்கிறது.

அப்படியானால் வாசகிக்கு நான் தோற்றேனா? இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு பிழை இருக்கிறது. அதே ஆறாவது மணி. ஆனால் ஏட்டில் பக்கத்து எழுத்து மாறி, வேறு மணி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் மலேரியாவைத் தடுக்கிறது. தென்கிழக்கு ஆசியாவிலோ இருபத்தாறாவது மணி. எதிரி ஒருவனே, தற்காப்புப் பொய்யை அவரவர் தாமே கண்டுபிடித்துக்கொண்டார்கள். இதைத்தான் அந்த அம்மாளுக்கு எழுதினேன்.

நோயெல் 1907-இல் படிப்பை முடித்துக்கொண்டு தம் தீவுக்குத் திரும்பினார். அங்கே பல் வைத்தியம் பார்த்தார். 1916-இல் இறந்தபோது அவருக்கு வயது 32.