தரவிறக்கும்போதே பகிரும் கணினி: டொரென்ட் இயங்கும் விதம்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் குடும்பங்கள் சிலவற்றுக்கு ‘அப்மானுங்’ என்ற சொல் அறிமுகமாவது, சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வீட்டுக்கு வரும் நாளில்தான். இணைய இணைப்புத் தந்தையின் பெயரில் இருப்பதால் கடிதமும் அவர் பெயருக்கே வரும். திரைப்படத்தை எடுத்தது மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். “பார்ப்பதற்கு எடுத்தோம், யாருக்கும் கொடுக்கவில்லையே” என்பதே பலரது பதில். ஆனால் கொடுத்திருக்கிறோம். அது எப்படி என்பதை அறிய, டொரென்ட் இயங்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வழமையான இணையத்தளத்தில் கோப்பு ஒரு வழங்கியில் இருக்கும். எல்லோரும் அங்கிருந்தே எடுப்பார்கள். எடுப்பவர் தொகை கூடினால் வழங்கி திணறும். பியர்-டு-பியர் முறையில், எடுப்பவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று வழங்கிகளாகின்றன. 1999இல் வந்த நாப்ஸ்டர், யாரிடம் எந்தப் பாடல் உள்ளது என்ற பட்டியலைத் தன் மைய வழங்கியில் வைத்திருந்தது. பாடல் மட்டும் பயனர்களுக்கிடையே நேரடியாகச் சென்றது. அந்த மையமே அதன் பலவீனமுமாயிற்று. அமெரிக்க நீதிமன்ற வழக்கை அடுத்து 2001இல் அந்தச் சேவை நின்றது.

அதே 2001இல் பிராம் கோகென் என்ற அமெரிக்க நிரலாளர் பிட்டொரென்ட் முறையை வெளியிட்டார். இதில் கோப்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. டொரென்ட் கோப்பில் படமோ பாடலோ இருப்பதில்லை. துண்டுகளின் விபரமும், ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீடும் மட்டுமே இருக்கும். வந்துசேர்ந்த துண்டு அக்குறியீட்டுடன் பொருந்தாவிட்டால் மென்பொருள் அதை வீசிவிட்டு மீண்டும் கேட்கும்.

ஒரே கோப்பை நாடும் கணினிகள் ஒரு கூட்டமாக இணைகின்றன. முழுக் கோப்பையும் வைத்திருந்து கொடுப்பவர் ‘விதைப்பவர்’ எனப்படுவார். உங்களிடம் ஒரு துண்டு வந்ததும், அது இல்லாத மற்றவர்களுக்கு உங்கள் கணினி அதை அனுப்பத் தொடங்கும். அரிதாக உள்ள துண்டுகளை முதலில் எடுப்பதும், தமக்குத் தருபவர்களுக்கே கூடுதலாகத் தருவதும் இம்முறையின் விதிகள். ஊரில் கைமாற்று வாங்கிக் கொடுப்பது போன்றதுதான் இது. திரைப்படத்தை நேரடியாக ஓடவிடுவதுபோலத் தோன்றும் சில செயலிகளும் பின்னணியில் இதே முறையையே பயன்படுத்துகின்றன.

ஆகவே எடுப்பவரும் கொடுப்பவரும் இங்கு ஒருவரே. துண்டுகளைப் பரிமாற ஒருவரின் ஐபி முகவரி மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். காப்புரிமையாளருக்காகப் பணியாற்றும் நிறுவனங்களும் அதே கூட்டத்தில் இணைந்து, முகவரியையும் நேரத்தையும் பதிவு செய்கின்றன. பின்னர் நீதிமன்ற உத்தரவுடன் இணைய நிறுவனத்திடமிருந்து இணைப்பாளரின் பெயரைப் பெறுகின்றன. காப்புரிமையுள்ள படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தமைக்காகவே கடிதம் வருகிறது.

பெற்றோரின் பொறுப்புக் குறித்து ஜேர்மனியின் உச்ச நீதிமன்றமான பிஜிஎச் தெளிவான தீர்ப்புகளை வழங்கியுள்ளது. 2012இல், 13 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில், சட்டவிரோதப் பகிர்வு கூடாது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த பெற்றோர், சந்தேகத்துக்கு இடமில்லாதவரை அவனது கணினியைக் கண்காணிக்க வேண்டியதில்லை என்றது. 2014இல், வளர்ந்த குடும்ப உறுப்பினரை, காரணமின்றி எச்சரிக்க வேண்டிய கடமையும் இணைப்பாளருக்கு இல்லை என்றது. ஆனால் 2017இல், எந்தப் பிள்ளை செய்தது என்று அறிந்தும் பெயரைச் சொல்ல மறுக்கும் பெற்றோர் தாமே பொறுப்பேற்க நேரும் என்று தீர்ப்பளித்தது.

டொரென்ட் தொழில்நுட்பம் தன்னளவில் சட்டவிரோதமானதல்ல. லினக்ஸ் இயங்குதளங்கள் இவ்வழியாகவும் வழங்கப்படுகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் சேகரிப்புகளை டொரென்ட் மூலமும் தருகிறது. எதைப் பகிர்கிறோம் என்பதே கேள்வி.

கடிதம் வந்தால் அதை ஒதுக்கிவைக்க வேண்டாம். அதில் குறிப்பிட்ட கால எல்லை முக்கியம். இணைக்கப்பட்டுள்ள உறுதிமொழியில் அவசரப்பட்டுக் கையொப்பமிடவும் வேண்டாம். அது நீண்டகாலம் உங்களைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆலோசனை நிலையத்தையோ சட்டத்தரணியையோ முதலில் நாடுங்கள். அதற்கும் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளைகளுடன் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, அந்தத் திகதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மொழி தெரியாத பெற்றோருக்கும் இது இயலும். சொல்வதைத் தமிழிலேயே சொல்லலாம்.