கந்தையும் காந்தாவும்

புடவைக் கடைகளில் இப்போது 'காந்தா ஒர்க்' என்றால் தனி மரியாதை. டஸ்ஸர் பட்டின்மேல் பொடிப்பொடியான ஓட்டுத் தையலில் பூவும் மீனும் போட்டிருப்பார்கள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புடவையை மெதுவாகத் திரும்பக் கொடுப்பவர்களே அதிகம். அதே சொல் நம் வீட்டிலும் நெடுங்காலமாக இருக்கிறது. 'அந்தக் கந்தையைத் தூக்கிப் போடு' என்கிறோமே, அந்தக் கந்தைதான். வங்காளியின் காந்தாவும் தமிழின் கந்தையும் கந்தா என்ற ஒரே வடசொல்லின் வழி வந்தவை. ஒன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, மற்றொன்று அடுப்படி மூலையில் கிடக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டுக்கும் இவ்வளவு தூரம் எப்படி வந்தது?

இதற்கு ஆரணியிலிருந்து தொடங்கலாம். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு இரண்டு பெருமை: பட்டு, அரிசி. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரை ஒட்டிய புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. தசரதன் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்த இடம் என்பது தலபுராணம். இன்றும் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பட்டும் பிள்ளை வரமும் சேர்ந்த ஊர். ஆனால் அந்த வரத்தில் பிறந்த குழந்தை பட்டின்மேல் படுப்பதில்லை. பட்டு ஈரம் தாங்காது, தினம் துவைத்தால் வீணாகும். சரிகை இழையோ குழந்தையின் தோலைக் கீறும், நகத்தில் மாட்டும். தறி ஓடுகிற வீட்டிலும் கைக்குழந்தைக்கு உரியது பாட்டியின் நூல்புடவையும் தாத்தாவின் வேட்டியும்தான்.

பட்டுப்புடவையின் முடிவும் நூல்புடவையின் முடிவும் வேறுவேறு. பழைய பட்டை வாங்குகிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். வாங்கிப் போய் எரித்துச் சரிகையில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். நூல்புடவைக்கு அப்படி ஒரே நாளில் சாவு இல்லை. முதலில் ஏணை. வடாற்காட்டுப் பக்கம் தூளிக்கு அதுதான் பெயர். பிறகு ஜப்லா, இடுப்புத் துணி, கீழே விரிக்கும் மெத்தை. அப்புறம் கரித்துணி, கடைசியில் மிதியடி. வேட்டி இன்னும் ஒரு படி மேலே போய் விளக்குத் திரியாகும்.

குழந்தைக்கு விரிப்பு தைக்கும் முறை எளிது, ஆனால் அதற்குள் நுணுக்கம் உண்டு. பலமுறை துவைத்துக் கஞ்சி வாசனையே இல்லாமல் போன வேட்டியை மூன்று நான்கு அடுக்காக மடித்து, மேலும் கீழும் புடவைத் துணி வைக்க வேண்டும். சாயம் போகிற புடவை ஆகாது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தால் நடுவில் துணி பொம்மிக்கொள்ளும். ஆகவே நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். வரிக்கும் வரிக்கும் விரல் அகலம் இடைவெளி போதும். முடிச்சு மேலே தெரியக் கூடாது, இரண்டு அடுக்குக்கு நடுவே இழுத்துவிட வேண்டும். புரளத் தெரியாத குழந்தையின் முதுகில் ஒரு சின்ன முடிச்சு இரவெல்லாம் உறுத்தும். பொத்தான், கொக்கி, ஜிகினா எதுவும் கூடாது. கனமாகத் தைத்து மேலே போர்த்துவதும் தப்பு. சிறு குழந்தைக்கு இது கீழே விரிக்கிற பொருள்.

பிறக்கும் முன்பே குழந்தைக்கென்று புதிதாக எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்பது நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். பழந்துணியைத் துவைத்து மடித்து வைக்க மட்டும் தடை இல்லை. பிறந்த குழந்தையை முதலில் பழந்துணியில் ஏந்துவதும் இதே எண்ணம்தான். மிருதுவாக இருக்கும் என்பது ஒரு காரணம், கண்ணேறு படாது என்பது மற்றொரு காரணம். குப்பன், குப்பம்மாள், பிச்சை என்ற பெயர்கள் இந்தப் பக்கத்தில் இவ்வளவு வழங்குவதற்கும் இதுவே வேர். பிறந்து பிறந்து தவறிய வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரையே வைத்தார்கள். மதிப்பில்லாத பொருள்போலக் காட்டினால் எமன் கண்ணுக்குத் தப்பும் என்ற நம்பிக்கை.

பெயர் என்று வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. இவ்வளவு பாடுபட்டுத் தைத்த பொருளுக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. மெத்தை என்கிறோம், விரிப்பு என்கிறோம், பிள்ளைத் துணி என்கிறோம். படித்த பெண்கள் குயில்ட் என்கிறார்கள். அக்கம்பக்கத்து மொழிகள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பணக்காரர்கள். தெலுங்கில் பொந்த, கன்னடத்தில் கவுதி, மராத்தியில் கோதடி, இந்தியில் குத்டி. ஒவ்வொன்றும் பழந்துணிகளை அடுக்கித் தைத்ததற்கான பெயர். ஆரணியில் மராத்திய ஜாகீர் இருந்தது. சௌராஷ்டிர நெசவாளர் இருக்கிறார்கள், தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. இத்தனை மொழி புழங்கிய ஊரிலும் தமிழ்ப்பேச்சில் இந்தப் பொருளுக்கு ஒரு சொல் நிலைக்கவில்லை.

துணிக்கு நாம் வைத்த பெயர்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அறுவை என்பது அறுப்பதில் பிறந்தது. துணி, துணிப்பதில் பிறந்தது. துண்டு, கிழி எல்லாம் அந்த வகைதான். தறியிலிருந்து அறுத்து எடுத்தால் ஆடை முடிந்துவிட்டது, அப்படியே சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சேர்த்துத் தைப்பது இங்கே இரண்டாம் வேலை.

ஆனாலும் அதற்குப் பழைய தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை. துன்னம் என்றால் தையல். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துணி தைக்கும் துன்னகாரரும், தோல் தைக்கும் துன்னரும் தனித்தனியாக வருகிறார்கள். தைக்கிற ஊசிக்குத் துன்னூசி என்று பெயர். முதலில் கொழு துளையிட, அதன் வழியே துன்னூசி போவதைப் பழைய உரையாசிரியர்கள் உவமையாகவே எடுத்தாண்டார்கள். துன்னு என்றால் நெருங்கு, செறி. துணியோடு துணி நெருங்குவது தையல் என்று நம்மவர்கள் நினைத்தார்கள். சமஸ்கிருதத்தில் தையற்காரன் துன்னவாயன். அங்கே துன்ன என்பதற்குத் துளைக்கப்பட்டது என்று பொருள். ஒலி ஒன்று, நினைப்பு வேறு.

பொருநராற்றுப்படையில் கரிகாலனைத் தேடி வந்த பொருநன் உடுத்தியிருந்தது துன்னல் சிதார். ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் ஊறி, வேற்று இழைகள் நுழைந்த உடை. அரசன் அதை நீக்கிப் பாம்புரி போன்ற மெல்லிய துணி கொடுத்தான் என்கிறது பாட்டு. அந்தப் பெயரில் இரண்டு பாதிகளையும் கவனிக்க வேண்டும். சிதார் என்பது கிழிசல், துன்னல் என்பது அதைச் சேர்த்த கை. கிழிந்ததையும் தைத்ததையும் ஒரே மூச்சில் சொன்ன பெயர் அது. பிற்காலத்தில் துன்னம் மறைந்தது.

துன்னம் மறைந்த இடத்தில் தை உட்கார்ந்தது. முள் தைக்கிறது, மனத்தில் தைக்கிறது, இலை தைக்கிறோம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் மந்தார இலையை ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டு இலை செய்தவர்களுக்கு அந்தத் தையல் நன்றாகத் தெரியும். தழையாடை தொடுப்பதற்கும் சங்க காலத்தில் இந்தச் சொல்தான். தையல் என்றால் பெண் என்று ஒரு பொருள் இருப்பதும், தை என்பதற்கு அலங்கரித்தல் என்ற பொருள் உண்டு என்பதால். பெண்கள்தான் தைப்பார்கள், அதனால் அந்தப் பெயர் என்று சிலர் சொல்வது பிற்காலக் கற்பனை.

இனி கந்தை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இதை வடமொழிக் கந்தாவோடு சேர்க்கிறது. அங்கே அதன் பொருள் ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை. பாணினியிலும் கந்தா வருகிறது, ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. உசீனர நாட்டு ஊர்ப்பெயர்களைச் சொல்லும் இடத்தில் வரும் அந்தக் கந்தா ஊர் என்னும் பொருளது. சமர்கந்து, தாஷ்கந்து என்ற பெயர்களின் வாலில் இருப்பதும் அந்த உறவுதான், மத்திய ஆசியச் சொல். சமர்கந்திலிருந்து கந்தைத் துணி வந்தது என்று நாளைக்கு யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

தமிழில் கந்தையின் நிலையைச் சரியாகக் காட்டுவது பெரியபுராணம். திருக்கூட்டச் சிறப்பில் அடியார்களின் ஆடை கந்தை என்கிறார் சேக்கிழார். அதைவிட முக்கியமான இடம் அமர்நீதி நாயனார் வரலாறு. பழையாறையில் வணிகராக வாழ்ந்தவர் அவர். பொன், மணியோடு நல்ல துகில்களும் விற்றவர். அடியார்களுக்குச் சோறு போட்டு, அவர்கள் குறிப்பறிந்து கந்தையும் கீளும் கோவணமும் கொடுத்து வந்தார் என்பது வரலாறு. துணி வியாபாரி, அதுவும் வேண்டிய செல்வம் உள்ளவர், சிவனடியாருக்குக் கிழிசலை எடுத்துக் கொடுப்பாரா? கோவணத்தோடு சேர்த்து எண்ணப்படும் அந்தக் கந்தை துறவிகளுக்கென்று செய்த ஓர் உடை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் அது மானம் போகிற சொல் அல்ல.

துறவிக்கும் ஒட்டுத் துணிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. புத்த பிக்குகளின் சீவரத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்பது விநய விதி. மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் போல அதை அமைத்தவர் ஆனந்தர் என்கிறது விநய பிடகம். சைதன்ய சரிதாமிர்தத்தில் ஒரு காட்சி உண்டு. அமைச்சர் பதவியை விட்டு வந்த சனாதனர் தோளில் விலை உயர்ந்த கம்பளி ஒன்று கிடந்தது. குரு சைதன்யரின் பார்வை அதன்மேல் போவதைக் கண்டதும், காசியில் கங்கைக் கரையில் கந்தை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கம்பளியைக் கொடுத்துவிட்டு அவருடைய கந்தையை வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

அப்புறம் காந்தாவும் கந்தையும் எங்கே பிரிந்தன? என் கணிப்பில் இது குளிரின் வேலை. வங்காளத்தில் மார்கழி, தை மாதங்களில் ராத்திரி போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும். ஏழை வீட்டில் கம்பளி கிடையாது. பழைய வேட்டி, புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண இழையாலேயே தைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறக்கப் போகிறது என்றால் தையல் தொடங்கிவிடும். பொருள் ஆண்டுதோறும் கையில் புழங்கியதால் பெயரும் பொருளோடு ஒட்டியே இருந்தது. 1929-இல் வங்கக் கவிஞர் ஜசீமுதீன் தம் காவியத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயரைச் சேர்த்தார். ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கையைக் கந்தையில் தைத்து அதைத் தன் சமாதிமேல் விரிக்கச் சொல்லும் கதை. 1939-இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் வங்காளக் கந்தைகளைப் பற்றி எழுதினார். பின்னர் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவும் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வகையில் ஆரணிப் பட்டுக்கு அது சமானம்.

நமக்கோ குளிர் இல்லை. ஜவ்வாது மலைக் காற்று இறங்கும் சில வாரங்களுக்கு ஒரு துப்பட்டி போதும். அந்தச் சொல்லும் இரண்டு பட்டை சேர்ந்தது என்னும் பொருளில் வடக்கிலிருந்து வந்ததுதான். ஆகவே அடுக்கித் தைத்த போர்வை இங்கே வீட்டுப் பொருளாகவில்லை, துறவிகளின் தோளோடு நின்றது. துறவி போன பிறகு பிச்சைக்காரருக்கு மிஞ்சியது. பக்கத்தில் கந்தல் என்று ஒத்த ஒலியுள்ள சொல் வேறு இருந்ததால் சரிவு இன்னும் சுலபமாயிற்று. தையல் கழன்று கிழிசல் மட்டும் பொருளாக நின்றது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழிகூட அழுக்கைப் பற்றித்தான் பேசுகிறது, தைத்த கையைப் பற்றி அல்ல. கைக்குழந்தைக்கு மட்டும் அந்தப் பொருள் தேவைப்பட்டது. ஆனால் தாழ்ந்துபோன சொல்லைப் பிள்ளையின் படுக்கைக்கு வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதனால்தான் பொருள் இருந்தும் பெயர் இல்லாமல் போனது.

இன்று ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் தையல் மிஷின் இல்லாத தெரு இல்லை. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடை தைக்கின்றன. தைக்கிறவர்கள் வாயில் வருகிற சொற்களில் பாதி கப்பலேறி வந்தவை. பொத்தானும் காஜாவும் போர்ச்சுகீசியர் தந்தவை, விரலில் மாட்டும் அங்குஸ்தான் பாரசீகம், பாபின் ஆங்கிலம். அந்தக் கூட்டத்தில் குயில்ட்டும் சேர்ந்தால் குடி முழுகிப்போகாது. அதுவே லத்தீனில் மெத்தையைக் குறித்த சொல்லிலிருந்து கிளம்பியதுதான்.

பிள்ளையின் விரிப்புக்குக் கந்தை என்ற பெயரை மீண்டும் வைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்காததில் நியாயமும் இருக்கிறது. தமிழ்ச் சொல்லே வேண்டும் என்கிறவர்களுக்குத் துன்னம் சும்மா கிடக்கிறது. அழுக்குப் படாத, யாரும் உரிமை கொண்டாடாத சொல். ஆனால் அடுத்து அகராதி செய்கிறவர்கள் கந்தைக்கு முதற்பொருளாகப் 'பழந்துணிகளை அடுக்கித் தைத்த விரிப்பு அல்லது போர்வை' என்று எழுத வேண்டும். கிழிந்த துணி என்பது இரண்டாவதாக வரட்டும்.