திருகோணமலைக் கடல்: கறுப்பு வெள்ளையும் நிறமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகோணமலைத் துறைமுகத்தைப் படமெடுத்தவர்களுக்குத் தேர்வே இருக்கவில்லை. அன்றைய கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகையாக உள்வாங்கியது. வானம் வெறும் வெள்ளையானது, கரைக்காடு கரியாய் இருண்டது. அஞ்சலட்டைகளில் பின்னர் நிறம் கையால் பூசப்பட்டது. பூசியவர் அந்தக் கடலைக் கண்டாரோ என்னவோ.

1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நீரடி ஒளிப்படக்காரர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமிமலைப் பாறை அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டனர். நீருக்குள் சில மீற்றரிலேயே சிவப்பு மங்கிவிடும். ஃபிளாஷ் இல்லாத நிறப்படத்தில் தூணும் மீனும் ஒரே நீலப்பச்சை. செதுக்கிய கல்லுக்குக் கறுப்பு வெள்ளை போதும், வெட்டின் நிழல் தெளியும். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவின் பவளப்பாறை மீன்களை இனம் பிரிக்கவோ நிறம் வேண்டும். இன்று டிஜிட்டல் கோப்பில் நிறம் பதிவாகியே இருப்பதால், நிறமா கறுப்பு வெள்ளையா என்ற முடிவைக் கணினி முன் எடுக்கலாம்.